மொதலாவதா, ரெண்டாவதா

"மொதலாவதா, ரெண்டாவதா?" என்று கணவர் கேட்டபோது அவள் அவருடைய புருவத்தைப் பார்த்தாள். இடது புருவம் லேசாக ஏறியிருந்தது, தலையும் அதே பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பிடித்துவிட்டது என்று அர்த்தம். "ரெண்டாவது," என்றாள். வெறுமனே சொன்னால் நம்பும்படி இருக்காதே என்று, "மொதல்ல கேட்டதுல குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருந்துச்சு," என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள். அவர் சோபாவின் கைப்பிடியில் சந்தோஷமாக ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தீங்களா சார், நான் வாயே தொறக்கல. நான் மனசுல நெனச்சத அப்படியே சொல்றா பாருங்க." கடைக்காரர், இரண்டு சிடி பிளேயர்களுக்கும் நடுவே ஒரு குமிழில் கை வைத்து நின்றிருந்த உயரமான மனிதர், "அம்மாவுக்குப் பாம்புக் காது சார்," என்றார். அவர் எத்தனை வீட்டம்மாக்களிடம் அதைச் சொல்லியிருப்பாரோ! அவள் சிரித்து வைத்தாள். உண்மை என்னவென்றால், அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. ஸ்பீக்கர் மேல் யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டு உள்ளே பாட வைத்தது போல இருந்தது. கம்பளி ஸ்பீக்கர் மேல் இல்லை என்பது அவளுக்கும் அவளுடைய காது டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தக் கடையில் ஒரே சிடியின் இரண்டு பிரதிகள் வைத்திருந்தார்கள். இரண்டையும் இரண்டு பிளேயர்களில் போட்டு ஒன்றாக ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையர் குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு பிளேயர், அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொன்று. பாட்டு நிற்காமலே பிளேயர் மாறும். எங்கே மாறுகிறது என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. கடைக்காரரின் மணிக்கட்டு அசைவதைப் பார்த்து, 'இப்போது மாறியது' என்று தெரிந்துகொண்டு, உடனே கணவரின் முகத்துக்குப் பார்வையை ஓட்டவேண்டும். பிடிக்காவிட்டால் அவர் முகவாயைச் சொறிவார். இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியதில் அந்த முகத்தைப் படிக்க அவளுக்குத் தனியாகப் பாடம் வேண்டியிருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிறருடைய முகத்தைப் படிப்பதுதான் அவருக்குத் தொழிலே. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒரு இருட்டறையில், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? மொதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்குவதற்காகச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள், வெளியே காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருவார்களாம். அவர் ஒரே லென்ஸை எடுத்துத் திரும்ப அதையே செருகி, "இப்ப?" என்று கேட்பாராம். "ஆஹா, இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு சார்," என்பார்களாம். "பொய் சொல்றவனுக்கு ஒரு குணம் உண்டு," என்று சாப்பிடும்போது அவளிடம் சொல்லுவார். "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை கூடவே சொல்லுவான். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" அவள் அப்போதெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறாள்.

அவளுக்கும் காதால்தான் பிழைப்பு. ஒரு பெரிய வக்கீலின் அலுவலகத்தில், பதிவு செய்து அனுப்பும் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. அந்த வக்கீல் வாயில் எதையாவது மென்றுகொண்டே பேசுவார், நடந்துகொண்டே பேசுவார், சில சமயம் காரில் போகும்போது ஹாரன் சத்தத்துக்கு நடுவே பேசுவார். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் இவள் விரல் நிற்காது. "நான் இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள அந்தம்மா அடிச்சிட்டாங்க," என்று வக்கீலே கிண்டல் செய்வார். கணவருக்கு அதில் அவளைவிடப் பெருமை. விருந்தாளி யார் வந்தாலும், "இந்த வீட்ல நான் கண்ணு, இவ காது," என்று ஆரம்பித்துவிடுவார்.

சாயங்காலம் இருவரும் வேலை முடிந்து வந்ததும் முன்னறையில் இரண்டு நாற்காலிகளில் உட்காருவார்கள். டீயும் கையுமாக. பழைய சிடி பிளேயரில் ஒரு பாட்டு, சில நாள் இரண்டு. அடுப்பு அதற்குப் பிறகுதான். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள்தான் சொல்லுவாள்: "இந்த எடம், பின்னாடி ஒரு வயலின் தனியா அழுதுட்டுப் போகுது, கேட்டீங்களா?" அவர் திரும்பப் போடுவார். அவள் விரலைத் தூக்கிக் காட்டும் நேரத்தில் அவருக்கும் கேட்கும். "அட, ஆமா! இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?" என்பார். பாடகி மூச்சு இழுக்கும் சத்தம், தாளக்காரர் மோதிரம் மேளத்தில் உரசும் சத்தம் எல்லாவற்றையும் அவள் காட்டித்தான் அவர் கேட்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் சேர்ந்து செய்த காரியங்களில் சண்டை வராதது இது ஒன்றுதான்.

அந்தப் பழைய பிளேயர் ஒரு நாள் பாட்டின் நடுவே திக்கித் திக்கி நின்றுபோனது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, "லென்ஸ் போயிடுச்சு சார், இந்த மாடலுக்கு இப்ப லென்ஸ் வர்றதில்ல," என்று கையை விரித்துவிட்டார். "கண்ணாடிக்காரன் வீட்லயே லென்ஸ் கெடைக்கலன்னா ஊர்ல எவனுக்குக் கெடைக்கும்?" என்று அவர் சிரித்தாலும் முகம் விழுந்துவிட்டது. நல்ல ஆம்ப்ளிஃபையர், நல்ல ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகப் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். பிளேயர் மட்டும்தான் பழசு. சரி, இனி சாகும்வரைக்கும் ஒன்று, அதை ஒழுங்காகப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தார். அதுவரை போனில் பாட்டுக் கேட்பதா? அது அவர் அகராதியிலேயே கிடையாது. "அது டப்பாச் சத்தம். அதக் கேட்டுப் பழகினா காது கெட்டுப்போகும்," என்பார்.

காது கெட்டுப்போக ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது. முதலில் அலுவலகத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. 'ச'வும் 'ஸ'வும் சொற்களிலிருந்து உதிர்ந்தன. ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். ஒரு மனுவில் ஒரு வாக்கியம் தலைகீழாகப் போய்விட்டது. வக்கீல் அதை நீதிமன்றம் போவதற்கு முன் கவனித்துத் திருத்திவிட்டு, "என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லாததுதான் அவளைச் சுட்டது. மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லி, பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டிலும் மணிக்கட்டுதான். கணவர் தைலம் வாங்கிவந்து தினமும் தேய்த்துவிட்டார். நோகாத கையை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

காது டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். இவள் ரொம்ப நேரம் பொத்தானை அழுத்தாமலே உட்கார்ந்திருந்தாள், மெஷின் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. "மேல் சத்தங்கள்தான் மொதல்ல போகும்மா. குருவிக் குரல், மணி, விசில், குழந்தைங்க பேச்சு. நரம்புல தேய்மானம். மெதுவாத்தான் போகும், பயப்படாதீங்க. காதுல மெஷின் வச்சுக்கலாம், பேச்சுக்கு நல்லா ஒதவும்," என்றாள். "பாட்டுக்கு?" என்று கேட்டதற்கு, டாக்டர் கொஞ்சம் யோசித்து, "கேக்கும். பழைய மாதிரி இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றாள். மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் எழுந்து வந்துவிட்டாள்.

ஏன் கணவரிடம் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம்தான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் வருவாள். ஆனால் கண்ணாடிக் கடையில் வயசானவர்களிடம் அவர் பேசுவதை அவள் பார்த்திருக்கிறாள். குனிந்து, நிறுத்தி நிறுத்தி, பல்லெல்லாம் தெரிய, "அம்... மா, இங்... க பாருங்... க" என்று பேசுவார். நல்ல மனசோடுதான். அந்தக் குரல் தன் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அது ஒன்று. இன்னொன்று, விஷயம் தெரிந்தால் அவர் பிளேயர் வாங்கமாட்டார். 'யாருக்கு வாங்கறது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஆசை ஆசையாக இவ்வளவு காலம் காத்திருந்த மனிதரின் வாயில் மண்ணள்ளிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

ஆகவே சனிக்கிழமைதோறும் கடை ஏறி இறங்கினார்கள். அப்புறம் அவளுக்கு இன்னொரு விஷயம் புலப்பட்டது. பிளேயர் வாங்காதவரை வீட்டில் பாட்டு இல்லை. பாட்டு இல்லாதவரை அவளுக்குப் பரீட்சையும் இல்லை. சாயங்காலம் நிம்மதியாக டீ குடிக்கலாம். 'இந்த எடத்துல என்ன கேக்குது சொல்லு' என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதற்கப்புறம் அவளே முட்டுக்கட்டை போட ஆரம்பித்தாள். அவருக்கு ஒன்று பிடித்துப்போய் வாங்கிவிடலாம் என்னும் நேரம் பார்த்து, "அவசரப்படாதீங்க. அந்த இன்னொரு கம்பெனி புதுசு ஒண்ணு விடுதாமே, அதையும் ஒரு தடவை பாத்துட்டு வாங்கலாம்," என்பாள். அவர் வாங்கும் ஆடியோப் பத்திரிகைகளை அவர் வருவதற்கு முன்பே படித்துவைத்துக்கொண்டு, "இதுக்கு மேல்சத்தம் கொஞ்சம் கூர்மையா குத்துமாம்," என்று எடுத்துக் கொடுப்பாள். அவர் உருகிப்போனார். "நான்தான் பறக்கறேன். உனக்கு இருக்கற பொறுமை எனக்கு இல்ல," என்றார். மழைக்காலம் போயிற்று. ஆம்ப்ளிஃபையர் மேல் தூசி படிந்தது. அவளே துடைத்தாள்.

மறு பரிசோதனைக்கு டாக்டரிடம் போனது அதற்குப் பிறகுதான். இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. பழைய பரிசோதனை வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் நெனச்சதைவிட வேகமா எறங்கியிருக்கும்மா. இவ்ளோ வேகமா எறங்கும்னு நான் எதிர்பாக்கல," என்றாள். பிறகு, "நீங்க பாட்டு கேப்பீங்கன்னு சொன்னீங்கல்ல? அப்ப இப்பவே நெறைய கேட்டுக்குங்க. தள்ளிப்போடாதீங்க," என்றாள். அவள் சரி சரி என்று தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கடைசியாகக் காதாரக் கேட்ட பாட்டு எது என்று யோசித்துப் பார்த்தாள். பழைய பிளேயர் நின்றுபோன அன்று ஓடிய பாட்டுதான். அன்றைக்கு அவள் உட்காரக்கூட இல்லை. துணியை மடித்துக்கொண்டே, கரண்டுக்காரனுக்குப் போன் செய்ய வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பாட்டு என்பதுகூடச் சரியாக நினைவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு காது மிச்சமிருந்த அத்தனை சாயங்காலங்களையும் அவளே உட்கார்ந்து வெறுமையாக்கியிருக்கிறாள். யாரும் பிடுங்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயத்தில் தன் கையாலேயே வீட்டை ஊமையாக்கிக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

அன்றைக்கு அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நாளைக்கே பிளேயர வாங்கிட்டு வந்துடலாம்ங்க," என்றாள்.

"நாளைக்கா? அந்தப் புது மாடல் வரட்டும்னு நீதானே சொன்ன?"

"அது வரும்போது வரட்டும். இருக்கறதுல ஏதோ ஒண்ணு வாங்குங்க."

அவர் செருப்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார். "ஏதோ ஒண்ணா?"

"ஆமா, ஏதோ ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரிதான் பாடுது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவர் உள்ளே போனார், கை கழுவினார், சட்டையைக் கழற்றி மாட்டினார், திரும்பி வந்தார். "உனக்கு அலுத்துப்போச்சுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். வாரா வாரம் உன்ன இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்க மாட்டேன்," என்றார். குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. அலுப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

அவர் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். மறுநாள் கடைக்காரரிடம் பேசி, கடைசியாகத் தேறிய இரண்டு பிளேயர்களையும், கறுப்பு நிறம் ஒன்று, வெள்ளி நிறம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வரை வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க வாங்கிவந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து அவரே கர்ப்பிணியைத் தாங்குவது போலத் தாங்கி இறக்கினார். "நீ சொன்னது சரிதான். அலைஞ்சது போதும். இன்னிக்கு ஒரே உட்காரல், ஒரே முடிவு. கடையில கேக்கறது வேற, நம்ம ரூம்ல கேக்கறது வேற," என்று சொல்லிக்கொண்டே ஒயர்களைச் செருகினார். அவளுக்கு அழுகை வந்தது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்ததால் தப்பித்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் ஜன்னல் வழியாகச் சாய ஆரம்பித்தபோது பரீட்சையை வைத்தார். அவளுடைய நாற்காலியைத் தூக்கி, பிளேயர்களுக்கு முதுகு காட்டும்படி, எதிர்ச்சுவர் ஷோகேஸைப் பார்த்துப் போட்டார். "நீ பாக்கக் கூடாது. கண்ணு பாத்துச்சுன்னா மனசு கறுப்புப் பக்கமோ வெள்ளிப் பக்கமோ சாஞ்சிடும். காது மட்டும்தான் வேலை செய்யணும்," என்றார். அவளுக்குத் திக்கென்றது. அவர் முகம் இல்லாமல் அவள் என்ன செய்வாள்? உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஷோகேஸ் கண்ணாடியில், பீங்கான் கோப்பைகளுக்கு மேலே, அவர் முழுசாகத் தெரிந்தார்.

வீட்டில் இருந்தது சிடியின் ஒரே பிரதி. அதனால் ஒரு பிளேயரில் கேட்டுவிட்டு, தட்டை வெளியே எடுத்து, இன்னொன்றில் வைத்து, ஆம்ப்ளிஃபையர் குமிழை அந்தப் பக்கம் திருப்பவேண்டும். அவர் தேர்ந்தெடுத்த பாட்டு அவர்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்தது. குரல் வருவதற்கு முன்னால் நீளமாக ஒரு முன்னிசை, வெறும் சின்னச் சின்ன மணிகளும் கிண்கிணிகளும் மட்டும். "இந்த மணிதான் பிளேயருக்கு அக்கினிப் பரீட்சை. குரல எந்தக் கழுதையும் நல்லாப் பாடிடும்," என்றார். மணிகளை மட்டும் போட்டுக் காட்டி, குரல் வரும் முன்பே நிறுத்துவதாகத் திட்டம்.

முதலில் கறுப்பு. அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. கண்ணாடியில் அவர் கண்ணை மூடி நிற்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் முகவாயைச் சொறிந்தார். நிறுத்தினார். தட்டை எடுத்தார், வெள்ளியில் வைத்தார், பொத்தானை அழுத்தினார். நிமிர்ந்து நின்றார். அவளும் காத்திருந்தாள். அவர் தலையை இடது பக்கம் சாய்த்தார். புருவம் ஏறியது. இன்னும் குனிந்து, பிளேயரை ஒட்டிக் காதை வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, அப்படியொரு கவனத்தோடு நின்றார். இவ்வளவு தூரம் சொக்கிப்போய் எந்தக் கடையிலும் அவர் நின்று அவள் பார்த்ததில்லை. சரி, மனிதர் விழுந்துவிட்டார், முடிவும் ஆகிவிட்டது என்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"இதுதாங்க," என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "சந்தேகமே இல்ல. மணி ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது பாருங்க. கறுப்புல எல்லாம் ஒண்ணா கலந்துபோச்சு. இது அப்படியே முத்து முத்தா உருளுது."

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், அவளுடைய முதுகை. பிறகு மெதுவாக ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார். அவர் கை குமிழ்வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. குமிழ் இன்னும் கறுப்புப் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவர் திருப்ப மறந்திருக்கிறார். வெள்ளிப் பிளேயர் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததே தவிர, ஸ்பீக்கருக்கு ஒரு சத்தமும் போகவில்லை. சத்தம் ஏன் வரவில்லை, மோட்டார் ஓடுகிறதா என்றுதான் அவர் குனிந்து காதை வைத்துப் பார்த்திருக்கிறார். அறையில் எதுவுமே பாடவில்லை. ஒன்றுமில்லாததைக் கேட்டு அவள் முத்து முத்தாக உருளுகிறது என்றிருக்கிறாள்.

கண்ணாடியில் அவருடைய உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. கோப்பைகளையே பார்த்துக்கொண்டு மடியில் கையைக் கோத்தபடி இருந்தாள். அவர் சுற்றிக்கொண்டு வந்தார். நாற்காலிக்கு எதிரே, ஷோகேஸை ஒட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றார். குனியவில்லை, இழுத்து நிறுத்திப் பேசவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவள் சொன்னாள். மனுவில் தப்புப் போனது, மணிக்கட்டு, டாக்டர், எல்லாம். இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா என்றிருந்தது.

"அப்ப கடையில?"

"உங்க மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன்."

"எல்லாக் கடையிலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. "நாள் பூரா ஊரான் கண்ணுல பொய் தேடறவன் நான். எனக்கெதுக்கு இந்த வேலை?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சேத்துச் சொன்னியே ஒவ்வொரு தடவையும். நான்தானே சொல்லிக் குடுத்தேன்? அதக்கூடக் கவனிக்கல பாரு." பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர் போலத் தலையைத் தூக்கினார். "டாக்டர் என்ன சொன்னாங்க? இன்னும் எவ்ளோ நாள்?"

"வேகமா எறங்குதாம். கேக்கணும்னு நெனச்சத இப்பவே கேட்டுக்கச் சொன்னாங்க."

அவள் எதிர்பார்த்தது பரிவை. வந்ததோ கோபம். "ஏன்டி, அப்புறம் எதுக்குடி பொறுமையா வாங்கலாம், பொறுமையா வாங்கலாம்னு இழுத்தடிச்ச? மழைக்காலம் பூரா சும்மாதானே உக்காந்திருந்தோம், எதிரும் புதிருமா, செவுத்தப் பாத்துக்கிட்டு? ஏதாவது ஒரு டப்பா, பழைய ரேடியோ ஒண்ணு, அந்தப் போன்லகூட..." கையை விரித்தார். "கேட்டிருக்கலாமேடி. ரெண்டு பேரும் கேட்டிருக்கலாமே," என்றார். கண் நிறைந்துவிட்டது. அவர் அழுது அவள் பார்த்து ரொம்ப காலமாகியிருந்தது. தப்பு தன்னுடையது மட்டும் இல்லை, நல்லதாகத்தான் வாங்குவேன் என்று நின்றதும் டப்பாச் சத்தம் வேண்டாம் என்றதும் அவர்தான் என்று சொல்லத் தோன்றியது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "ஆமா," என்றாள். "கேட்டிருக்கலாம்."

அவர் எழுந்து போனார். எது முதலாவது எது இரண்டாவது என்றெல்லாம் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த பிளேயருக்கே குமிழைத் திருப்பினார். பாட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். அவள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். கேக்குதா என்று தலையை மட்டும் அசைத்தார். அவளுக்குப் பழக்க தோஷத்தில் ஆமாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல," என்றாள்.

அவர் கூட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆணி அடித்தால்கூட முகம் சுளிக்கிறவர், வாழ்நாளில் அந்தக் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பியதே இல்லை. இப்போது பாதியைத் தாண்டியது. "இப்ப?" "இல்ல." ஷோகேஸில் கோப்பைகள் ஒன்றோடொன்று நடுங்க ஆரம்பித்தன. அதை அவள் கண்ணால் பார்த்தாள். பாட்டி காலத்துச் செய்தி போல, எங்கோ தூரத்தில், மணி என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, பொடிப்பொடியாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல வந்தது. அவள் கையைத் தூக்கி, ஒரு விரலால், இரு என்று காட்டினாள். அவர் அசையாமல் நின்றார். பிறகு அதுவும் போய்விட்டது. "இல்ல," என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அவர் இன்னும் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த பெண், ஒரு சட்டையை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்று, இந்த வீட்டைப் பார்த்து ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.